மருதனார்மடத்தில் சுண்ணாம்பு விற்கிறேன்

சுண்ணாம்புக் கடைக்கு யாரும் சும்மா வருவதில்லை. வீட்டில் கலியாணம் இருக்கும், இல்லாவிட்டால் கிணறு கெட்டிருக்கும். கடை வைத்துச் சனத்தோடு கதைத்துப் பிழைக்கிறவர்களுக்கு மிச்சத்தைச் சொல்லத் தேவையில்லை.

பாலாகும் தண்ணீர்

பண்டத்தரிப்புப் பக்கமிருந்து ஒரு விஞ்ஞான ரீச்சர் வருடாவருடம் வருவா. சுண்ணாம்பைக் கரைத்து, தெளிந்த நீரை இறுத்து, பிள்ளைகளைக் குழாயால் ஊதச் சொல்லுவாவாம். மூச்சுப் பட்டதும் தண்ணீர் பால்போல வெளுக்கும். "உறிஞ்சிப் போடாதேங்கோ எண்டு கத்தியே தொண்டை கட்டிப்போகும்" என்று சிரிப்பா.

போன தை மாதமும் வந்தா. வழக்கம்போல ஒரு கிலோ நிறுக்கப் போனேன். கையை நீட்டி மறித்தா.

"ஒரு பிடி போதும், அண்ணை. இந்தமுறை வகுப்பிலை ஊதுறதுக்கு ரெண்டு பிள்ளையள்தான்."

யோகன்

யோகன் வெள்ளையடிக்கிறவன். சுட்ட சுண்ணாம்புக் கல்லை வாங்கித் தானே தண்ணீர் விட்டு நீற்றுவான். தண்ணீர் பட்டால் அது கொதித்தெழும், தள்ளி நில் என்று நான் சொல்லாத நாளில்லை. ஒரு மதில் வேலைக்கு அவசரமாக நீற்றும்போது கண்ணில் தெறித்துவிட்டது. எரிவில் கசக்கினானே தவிர, உடனே தண்ணீர் விட்டுக் கழுவவில்லை. ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகையில் கருவிழி வெந்து வெளுத்திருந்தது. அந்தக் கண் போய்விட்டது.

சில மாதம் கழித்து வாளியோடு வந்து நின்றான். "உனக்கு இனித் தரமாட்டன், வேறை வேலையைப் பார்" என்று கத்தினேன். அவன் கோபப்படவில்லை.

"மற்றக் கண்ணுக்குக் கண்ணாடி வாங்கிட்டன், அண்ணை. நிறுங்கோ."

விடுபட்ட காணி

போர்க்காலத்தில் பிடித்து வைத்திருந்த கமலாக்காவின் காணியை ஆமி விட்டது போன வருடம்தான். இடம்பெயர்ந்த காலத்தில், "வீட்டைப் பாத்திட்டு வாறன்" என்று போன அவவின் மனுசன் திரும்பவேயில்லை. இப்போது வீடில்லை, கிணறு மட்டும் குப்பையால் மூடிக் கிடந்தது. இறைத்துத் துப்புரவாக்கிய பிறகு போட வேணும் என்று என்னிடம் சுண்ணாம்பு கேட்டா. நான் பையில் கட்டி வைத்தேன். ஒரு கிழமையாக ஆளைக் காணவில்லை. அந்தக் கிணற்றுக்குள் என்ன கிடந்ததோ என்று எனக்கு மனம் ஒரு நிலையில் இல்லை.

பிறகு வந்தா. முகத்தைப் பார்க்கத் துணிவில்லாமல் தராசைத் துடைத்துக்கொண்டே, "இறைச்சாச்சோ, அக்கா?" என்றேன். பையைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு அவ சொன்னா:

"ஓம் தம்பி. செருப்பு ஒண்டு வந்தது. அவரின்ரை அளவில்லை."

சுண்ணாம்பு கையைத் தின்னும் என்று கடை தொடங்கும்போது எல்லாரும் எச்சரித்தார்கள். காதில் விழுவதைப் பற்றித்தான் ஒருவரும் சொல்லவில்லை.