பட்டர் கேக் என்று பெயர் வைத்த பாட்டு

யுத்தம் கடைசிக் கட்டத்தை நெருங்கிக்கொண்டிருந்த காலம். நாங்கள் கொட்டாஞ்சேனையில், பஸ் போகும் தெருவைப் பார்த்த ஒரு மாடி வீட்டில் வாடகைக்கு இருந்தோம். நான் பாடசாலையில் சங்கீதம் படிப்பிக்கிறவள். மாதா கோவிலில் பாடகர் குழுவையும் நான்தான் பார்த்துக்கொண்டேன். எங்கள் முன் அறை மூலையில் ஒரு கொம்பியூட்டர் இருந்தது. கனடாவில் இருக்கும் என் தம்பி அனுப்பிய மைக்கை அதில் கொழுவி, பஸ் சத்தம் வராமல் ஜன்னலுக்கு மெத்தையை முட்டுக்கொடுத்து, வீட்டிலேயே பாட்டுப் பதிவு செய்வேன். நான் அதை ஸ்டூடியோ என்பேன். என் கணவர் மெத்தைக் கடை என்பார்.

அந்த மூலையில் நடந்த ஒரு குழப்பத்தைத்தான் சொல்ல வந்தேன். கேட்டால் சின்ன விஷயம். கொம்பியூட்டரில் பழைய விண்டோஸை மாற்றிப் புதியதைப் போடுவதா, வேண்டாமா? அவ்வளவுதான். ஆனால் அந்த ஒரு மாதம் நான் நிம்மதியாகச் சோறு தின்னவில்லை.

காரணம், எங்கள் குழுவில் கீழ்க்குரல் பாடிய ஓர் அண்ணர். துறைமுகத்தில் வேலை. அவர் வாயைத் திறந்தால் பீடத்துக்குப் பின்னால் இருக்கும் கண்ணாடி அதிரும். சும்மா கதைத்தாலும் அடுத்த தெருவுக்குக் கேட்கும். அவரும் மனைவியும் சந்தியில் நின்று மீன் வாங்குவதே ஒரு நாடகம்தான். இவர் ஒன்று சொல்ல, அவர் நக்கலாக இன்னொன்று சொல்ல, மீன்காரர் தராசைப் பிடித்தபடி சிரித்துக்கொண்டு நிற்பார். அப்படிப்பட்ட மனிதருக்குத் தொண்டையில் கட்டி என்று மஹரகம புற்றுநோய் ஆஸ்பத்திரியில் சொல்லிவிட்டார்கள். சத்திரசிகிச்சை செய்தால் உயிர் தப்பும், குரல் தப்பாது.

சத்திரசிகிச்சைக்கு முன்பு, தவக்காலப் பாட்டுகள் நாலை எங்கள் வீட்டில் பதிவு செய்தோம். ஒவ்வொருவர் குரலையும் தனித்தனியாகப் பதிந்து, பிறகு ஒன்றாகச் சேர்த்து சீடி ஆக்கினேன். கோவிலில் எல்லோரும் வாங்கினார்கள். அண்ணரும் பிழைத்து வந்தார். கழுத்தில் ஒரு துவாரம், அதன் மேல் ஒரு துணி. சத்தம் மட்டும் இல்லை.

சில மாதம் கழித்து அவர் மனைவி கோவில் வாசலில் என் கையைப் பிடித்தார்.

"தங்கச்சி, அந்த சீடியில எல்லாரும் சேர்ந்துதானே பாடுறீங்க. அவர்ட குரல் மட்டும் தனியாக் கேக்கிற மாதிரி ஒண்டு செய்து தர ஏலுமா?"

"அதுக்கென்ன அக்கா, செய்து தாறன்" என்று பெரிய மனிதத்தனமாகச் சொல்லிவிட்டு வந்தேன். வீட்டுக்கு வந்து கொம்பியூட்டரைப் போட்டால், வேலை தொடங்கி இரண்டு நிமிஷத்தில் திரை அப்படியே உறைந்துபோகிறது. நிறுத்திப் போட்டேன். மறுபடியும் உறைந்தது. ஒவ்வொரு நாளும் மோசமாகிக்கொண்டே போனது.

தம்பிக்கு ஃபோன் எடுத்தேன். "அக்கா, இன்னும் தொண்ணூற்றெட்டையா வச்சிருக்கிறீங்க? உடன எக்ஸ்பி போடுங்க. பிறகு பாருங்க, ஒருநாளும் நிக்காது" என்றான். வெள்ளவத்தையில் கொம்பியூட்டர் திருத்தும் கடைக்காரருக்கு எடுத்தேன். "போடலாம் மிஸ். ஆனா உங்கட பாட்டு சொஃப்ட்வேர் பழசு. புதுசில திறக்குமா எண்டு சொல்ல ஏலாது. அதின்ட சீடி இருக்கா?" என்றார். சீடி எங்கே இருக்கிறது? அதைப் போட்டுத் தந்த பையன் எப்போதோ இத்தாலிக்குப் போய்விட்டான். தனித்தனிக் குரல்கள் எல்லாம் அந்த மென்பொருளில் மட்டும்தான் திறக்கும். கோப்புகளை வேறு சீடியில் எழுதி வைத்திருந்தேன்தான். அந்த மென்பொருள் போனால் அவை வெறும் தட்டுதான்.

மாற்றினால் பாட்டுத் திறக்காமல் போகலாம். மாற்றாவிட்டால் கொம்பியூட்டர் ஒருநாள் ஒரேயடியாகப் படுத்துவிடலாம். எப்படிப் பார்த்தாலும் அந்த மனிதரின் குரல் என் கையால் இரண்டாம் தரம் போகும். இந்தப் பயத்தை யாரிடம் சொல்வது? கணவரிடம் சொன்னேன்.

"ஓடுற வண்டிய ஏன் கழட்டுறாய்?" என்றார்.

"அது ஓடேல்லையே!"

"அப்ப கழட்டு."

இப்படி ஒரு மனிதரைக் கட்டினால் யோசனைக்கு வேறு ஆள்தான் தேட வேண்டும். காலையில் மாற்றுவோம் என்று எழும்புவேன். பின்னேரம் வேண்டாம் என்று தோன்றும். செபம் செய்யும்போதும் அதுதான் மண்டைக்குள். மாதாவே விண்டோஸைப் பற்றிக் கேட்டுக் களைத்திருப்பா.

கடைசியில் கடைக்காரர் ஒரு வழி சொன்னார். பழையதை அழிக்காமல் அதன் மேலேயே புதியதைப் போட்டுப் பார்க்கலாம். அதிர்ஷ்டம் இருந்தால் பாட்டு மென்பொருள் தப்பும், நேரில் கொண்டு வாருங்கள் என்றார். ஒரு சனிக்கிழமை காலை, பெட்டியைப் போர்வையில் சுற்றி, கணவரும் நானும் ஓட்டோவில் ஏறினோம்.

போர்வையில் சுற்றியதுதான் புத்திசாலித்தனம் என்று நினைத்தோம். குலுங்காமல் இருக்குமாம். கொட்டாஞ்சேனையிலிருந்து வெள்ளவத்தைக்குப் போகும் வழியில் எத்தனை சோதனைச் சாவடி! அந்தக் காலத்தில், இரண்டு தமிழர், மடியில் போர்வை சுற்றிய ஒரு கனமான பெட்டி. இதைவிட அழகாகச் சந்தேகத்தைச் சம்பாதிக்க முடியாது. இரண்டாவது சாவடியிலேயே இறக்கிவிட்டார்கள்.

"மேக்கே மொனவாத?" இதற்குள் என்ன என்று கேட்டார் ஒரு சார்ஜன்ட்.

"பள்ளியே சிந்து" என்றேன். கோவில் பாட்டு. அடையாள அட்டை, பொலிசில் பதிந்த துண்டு எல்லாம் காட்டினோம். அவர் தலையை ஆட்டிவிட்டு, பக்கத்தில் இருந்த நிலையத்துக்குள் பெட்டியைக் கொண்டுவரச் சொன்னார். அங்கே அவர்களுடைய திரையையும் ஸ்பீக்கரையும் எங்கள் பெட்டியில் பொருத்தினார்கள். கணவரின் கையைப் பிடித்தேன், அது என்னுடையதைவிடக் குளிராக இருந்தது.

கொம்பியூட்டருக்கு உயிர் வந்தது. ஒரு தடங்கல் இல்லை. வீட்டில் ஒரு மாதமாக என்னை அழவைத்த சனியன், பொலிஸ் நிலையத்தில் பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி ஒழுங்காக எழும்பி நின்றது.

சார்ஜன்ட் பாட்டுக் கோப்புகளைத் திறக்கச் சொன்னார். அப்போதுதான் எனக்கு நினைவு வந்தது. திரையில் வரிசையாக வந்த பெயர்கள்: பட்டர் கேக். ஃபிஷ் கட்லட். லவ் கேக். சிக்கன் ரோல்ஸ்.

ஏன் அப்படி என்று அந்தக் காலத்தில் கொழும்பில் இருந்த தமிழருக்குச் சொல்லத் தேவையில்லை. வீடு சோதிக்க வந்தால், தமிழில் எழுதிய சீடி எதுவானாலும் எடுத்துப் பார்ப்பார்கள், கேள்வி வரும். அதனால் நாங்கள் எல்லோரும் எல்லாவற்றுக்கும் அப்பாவிப் பெயர் வைத்தோம். கல்யாண வீடியோவுக்கு மேலே இங்கிலிஷ் கார்ட்டூன் என்று எழுதியவர்களை எனக்குத் தெரியும். நான் ஆங்கிலத்தில் சமையல் குறிப்புப் பெயர்களாக வைத்தேன்.

"கோவில் பாட்டு என்றீர்கள். பிறகு ஏன் பட்டர் கேக் என்று இருக்கிறது?" என்று சிங்களத்தில் கேட்டார்.

என்ன சொல்வது? உங்களுக்குப் பயந்துதான் என்று சொல்ல முடியுமா? கணவர் மேலே மின்விசிறியைப் பார்த்தார். மறைத்து வைத்ததாலேயே மாட்டிக்கொண்டோமே என்று நினைத்தபோது சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன.

"போடுங்கள், கேட்போம்" என்றார்.

பட்டர் கேக்கைத் திறந்து அதில் முதலில் இருந்த பதிவைப் போட்டேன். அண்ணரின் குரல் அந்த அறை முழுவதும் எழுந்தது. தனிக் குரல். கூட ஒருவரும் இல்லை. நாலு வரி பாடினார், ஐந்தாவது வரியில் சுருதி விட்டுவிட்டார். உடனே பாட்டு நின்று பேச்சு வந்தது.

"சீ, பிழைச்சுப் போச்சு. தங்கச்சி, இத அழிச்சுப் போடுங்க. என்ட மனுசி கேட்டா ஒரு கிழமைக்கு நக்கலடிச்சே என்னைக் கொல்லுவா!"

அந்த நேரம் பார்த்து, மெத்தையையும் தாண்டி, தெருவில் ஒரு பஸ் நீளமாக ஹோன் அடித்தது. அண்ணர் சிங்களத்துக்கு மாறினார். "அடோ! ஹோன் எக்க நவத்தப்பங்!" ஹோனை நிப்பாட்டடா என்று அவர் போட்ட கூச்சலில் ஸ்பீக்கர் கரகரத்தது. அறையிலிருந்த பொலிஸ்காரர்கள் எல்லோரும் சிரித்துவிட்டார்கள். சார்ஜன்ட் கூடச் சிரித்தார்.

"யார் இந்த ஆள்?"

சொன்னேன். மஹரகம, சத்திரசிகிச்சை, இப்போது பேச முடியாது, இது அவருடைய மனைவிக்காக. என் சிங்களம் இடையில் உடைந்தது. சார்ஜன்ட் வயரைத் தானே கழற்றினார். "ஹரி மிஸ், போங்கள். இனிமேல் பாட்டுக்குப் பாட்டு என்றே பெயர் வையுங்கள்" என்றார். அவர் சொன்னதைக் கேட்பதா இல்லையா என்பது எனக்கு இன்னொரு குழப்பமாகப் போய்விட்டது. பல வருடங்களுக்கு நான் அப்படிப் பெயர் வைப்பதை விடவில்லை.

வெளியே வந்து ஓட்டோவில் ஏறியதும், "இப்ப வெள்ளவத்தைக்கா, வீட்டுக்கா?" என்று கணவர் கேட்டார். எனக்குத் தெரியவில்லை. உண்மையாகவே தெரியவில்லை. ஓட்டோக்காரர் இருவர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தார்.

"அடி உதவுற மாதிரி அண்ணன் தம்பி உதவ மாட்டான் எண்டு சொல்லுவாங்க. பொலிசுக்குப் பயந்து இண்டைக்கு வேலை செய்யுது. பயம் தெளிய முதல் வீட்ட போய் அலுவலப் பார்" என்றார் கணவர். அவருடைய வாழ்நாளில் சொன்ன ஒரே நல்ல யோசனை அதுதான். திரும்பினோம்.

வீட்டில் வயர் ஒன்றை எடுத்து, கொம்பியூட்டரிலிருந்து பழைய கசட் ரெக்கோடருக்குக் கொழுவினேன். ஒரு பக்கம் பாட வைத்தேன், மறுபக்கம் பதிய வைத்தேன். இவ்வளவுதானா என்று என் தலையில் நானே குட்டிக்கொண்டேன். ஒரு மாதமாகக் கனடா, வெள்ளவத்தை என்று சுற்றியவளுக்குக் கசட் நினைவுக்கு வரவில்லை. பிழைத்துப்போன பட்டர் கேக்கைத்தான் முதலில் பதிந்தேன். நிலையத்தில் கேட்டது காதிலேயே நின்றது, இன்னொரு முறை கேட்க ஆசையாக இருந்தது. அதன் பிறகு நல்லவை இரண்டு. நாலாவது பாட்டின் நடுவில் திரை உறைந்தது. அதற்குப் பிறகு அந்தக் கொம்பியூட்டர் எழும்பவே இல்லை.

கசட்டை எடுத்துக்கொண்டு அடுத்த நாள் பின்னேரம் அண்ணர் வீட்டுக்குப் போனேன். கதவைத் திறந்த அக்கா மெதுவாக, "வாங்கோ" என்றார். அந்த வீட்டில் எப்படிச் சத்தம் இருக்கும் என்று எனக்குத் தெரியும். இப்போது கரண்டி விழும் சத்தம்கூட இல்லை. அண்ணர் கதிரையில் இருந்து கையைக் காட்டினார். நானும் என்னை அறியாமல் குசுகுசுத்துத்தான் சுகம் விசாரித்தேன். குழுவில் நாங்கள் எல்லோருமே அவர் முன்னால் அப்படித்தான் ஆகிவிட்டோம்.

தேத்தண்ணி போடும்போது அக்கா குசினியில் சொன்னார். "அவருக்குத் திருப்பிச் சொல்ல ஏலாதே தங்கச்சி. நான் மட்டும் கதைச்சா அவருக்கு நோகும். அதால நானும் கதைக்கிறதில்ல."

கசட்டைப் போட்டேன். முதலில் பட்டர் கேக் என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. அவர் வெட்கப்பட்டு அழிக்கச் சொன்ன பாட்டு! நிறுத்தப் போனேன், அக்கா என் கையைத் தட்டிவிட்டார். நாலு வரி போனது. சுருதி விட்டது. "என்ட மனுசி கேட்டா ஒரு கிழமைக்கு நக்கலடிச்சே என்னைக் கொல்லுவா!"

தொடர்ந்து பஸ் ஹோனும் அவர் போட்ட கூச்சலும் வந்தன. அண்ணர் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் ஏதோ பெரிய பிழை செய்துவிட்டேன் என்று பயந்தேன்.

பிறகு அக்கா இடுப்பில் கையை வைத்தார். "ஆ! இதத்தானா எனக்கு ஒளிச்சனீங்க?" என்று தெருவுக்கே கேட்கக் கத்தினார். "கோவில்ல பெரிய பாடகர் எண்டு திரிஞ்சது! இந்த வரியப் பக்கத்து வீட்டுச் சேவல் இதவிட நல்லாப் பாடும்!"

அண்ணர் நிமிர்ந்தார். கையை விரித்து, தெருவைக் காட்டி, காதைப் பொத்தி, என்னைக் காட்டி, பஸ்ஸால்தான், இவளால்தான் என்று வாதாடினார். அக்கா விடவில்லை. "பஸ் பிழைச்ச பிறகுதானே வந்தது! நான் கேட்டனான்!" என்றார். அண்ணர் தொடையில் அடித்து அடித்துச் சிரித்தார். சத்தமே இல்லாத சிரிப்பு, தோள் மட்டும் குலுங்கியது. அக்காவுக்குக் கண்ணீர் வடிந்துகொண்டிருந்தது, வாய் மட்டும் நிற்கவில்லை. நான் தேத்தண்ணியைக் குடிக்காமலே எழும்பி வந்தேன். படி இறங்கும்வரை அக்காவின் குரல் கேட்டது.

பிறகு வேறு கொம்பியூட்டர் வாங்கினேன், புதியதையும் போட்டேன். முதலிலேயே மாற்றியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பது இன்றைக்கும் எனக்குத் தெரியாது. ஆனால் பேச முடியாமல் போன ஒருவர் முன்னால் நாமும் குரலைத் தாழ்த்திக்கொள்வதை மரியாதை என்று நான் பிறகு ஒருநாளும் நினைத்ததில்லை.