சக்கர நாற்காலியில் வந்த சம்பந்தி

கூடத்தில் கைத்தடி தரையைத் தட்டும் ஓசை கேட்டது. ஒரு தட்டு, ஒரு பெருமூச்சு, மறுபடி ஒரு தட்டு. உள்ளறையில் சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டிருந்தவர் காதைத் தீட்டிக்கொண்டார்.

"மெதுவாம்மா. என் தோளைப் பிடிச்சுக்க." அவர் மகளைக் கட்டிக்கொள்ள விரும்பும் பையனின் குரல்.

"உனக்கு எதுக்குடா சிரமம்," என்றது அவன் அம்மாவின் குரல்.

அந்தக் குரலை எங்கோ கேட்ட ஞாபகம் அவருக்கு.

அவர் விமான நிலையத்தில் சக்கர நாற்காலி தள்ளுபவர். 'ஏர்போர்ட்ல வேலை' என்பதோடு நிறுத்திக்கொள்ள வேண்டும் என்பது மனைவியின் கட்டளை. கூட வேலை செய்பவர்கள் வைத்த பெயர் 'தள்ளுவண்டி'. விமான வாசலில் ஆளை ஏற்றி, இமிகிரேஷனைத் தாண்டி, வெளிவாசலில் உறவினரிடம் ஒப்படைக்கும்வரை அவர் பொறுப்பு. சேர்ந்தாற்போல் விமானங்கள் இறங்கிவிட்டால் அந்த இமிகிரேஷன் கூடத்தில் எள் போட்டால் எள் விழாது. வரிசை மலைப்பாம்பு மாதிரி சுருண்டு கிடக்கும். சக்கர நாற்காலிக்கு மட்டும் ஓரமாகத் தனிக் கவுன்டர். அதனாலேயே சிலருக்கு விமானம் தரை தொட்டதும் முழங்கால் வலி வரும். பாஸ்போர்ட்டில் முத்திரை விழுந்ததும் பறந்துவிடும்.

"நான் டாக்டருக்குப் படிக்கல. ஆனா என் வண்டியில ஏறி இறங்கினா நடக்க முடியாதவங்களும் ஓடுவாங்க," என்பார். மகள் சிரிப்பாள். மனைவி சிரிக்க மாட்டாள்.

பயணிகள் அவர் முகத்தைப் பார்ப்பதில்லை. அவர்தான் எப்போதும் பின்னால் நிற்கிறாரே. அவருக்கும் முகங்களைவிட உச்சந்தலைகளே பழக்கம்.

கூடத்துக்கு வந்து வணக்கம் சொன்னார். பையனின் அம்மா அவரை முதல்முறை பார்ப்பவராகப் புன்னகைத்தார். மின்விசிறியைப் போட, அந்த அம்மாவின் நாற்காலிக்குப் பின்னால் போனபோதுதான் தெரிந்தது. உச்சியில் இரட்டைச் சுழி. சாயம் போட்ட முடியின் அடியில் மெல்லிய வெள்ளைக் கோடு.

போன வாரம் இதே தலையைத் தள்ளிக்கொண்டு போனார். இமிகிரேஷன் முடிந்ததும் இந்த அம்மா எழுந்து, விடுவிடுவென்று நடந்து, பெல்ட்டில் வந்த பெட்டிகளைத் தானே இறக்கினார்.

"உங்க பொண்ணு தங்கமான பொண்ணு," என்றார் அந்த அம்மா இப்போது. "மூத்தவ வீட்டுல வெளிநாட்டுல இருந்தேன். இனிமே இவன்கூடத்தான். ஆனா பாக்கறீங்களே, நடமாட்டம் இல்ல. பொண்ணு வேலையை விட்டுட்டு வீட்டோட இருந்தா போதும். வேற எதுவும் கேக்கல."

மகளுக்கு ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை. போன மாதம்தான் அந்தக் கூடத்தின் பொறுப்பையே அவளிடம் கொடுத்திருந்தார்கள்.

"வேலையை விட மாட்டேன். ஆள் வெச்சுக்கலாம்," என்றாள் மகள்.

"யாரோ ஒருத்தர் வந்து எங்கம்மாவைத் தூக்கி உட்கார வைக்கணுமா?" என்றான் பையன். பிறகு தணிந்து, "வா, தனியா பேசலாம்," என்று அவளைப் பால்கனிக்கு அழைத்துப் போனான். மனைவி தேநீர் போட எழுந்தாள்.

ஒன்று வேலை போகும், இல்லை மனசுக்குப் பிடித்தவன் போவான். உண்மையைப் போட்டு உடைக்கலாம். ஆனால் பெற்ற பிள்ளை முன்னால் கூனிக்குறுகும் மாமியாரோடு மகள் எப்படிக் குடும்பம் நடத்துவாள்?

நாற்காலிக்குப் பின்னால் நின்றபடியே அவர் தாழ்ந்த குரலில் சொன்னார். "போன வாரம் உங்களைத் தள்ளிட்டு வந்தவன் நான்தாம்மா."

அந்தத் தலை அசையவில்லை.

"பெட்டியைக்கூட நீங்கதான் இறக்கினீங்க. ரெண்டும் பெரிய பெட்டி."

"அந்த வரிசையைப் பாத்தீங்கல்ல," என்றார் அம்மா மெல்ல. "அதுல நிக்கப் பயந்துதான் கால் வலின்னேன். அதோட எழுந்து போயிடலாம்னுதான் இருந்தேன். வாசல்ல மறுபடி உட்காரச் சொன்னது யாரு?"

அவருக்கு நினைவு வந்தது. காலி நாற்காலியோடு போனால் மேற்பார்வையாளர் கேள்வி கேட்பார் என்று அவர்தான் உட்காரச் சொன்னார்.

"வெளியே வந்தா, எம்பிள்ளை ஓடி வந்து என் கால்ல முகத்தை வெச்சு அழறான். போன்ல ரெண்டு வார்த்தைக்கு மேல பேசாதவன். அதுக்கப்புறம் எப்படித் தம்பி எழுந்து நிக்கறது?"

"நான் யார்கிட்டயும் சொல்ல மாட்டேம்மா. ஆனா எம்பொண்ணு வேலையை விட்டுட்டு, நல்லா இருக்கிற காலைப் பிடிச்சு விடறதை என்னால பாக்க முடியாது," என்றார்.

தேநீர் வந்தது. பால்கனியிலிருந்து இருவரும் திரும்பினார்கள். மகளின் கண்கள் சிவந்திருந்தன. "ஒத்து வராதுப்பா," என்றாள்.

அம்மா தேநீரைக் கடைசிச் சொட்டுவரை குடித்து, கோப்பையைக் கீழே வைத்தார்.

"அவ வேலைக்குப் போகட்டும்டா."

"உன்னை யாரும்மா பாத்துப்பாங்க?"

"பகல்ல நானே சமாளிச்சுக்குவேன். சாயங்காலம் நீ பாரு. கல்யாணம் ஆனதும் அம்மாவை மறந்துடாம, பக்கத்துல உட்கார்ந்து கொஞ்சம் பேசு. கால் தானா சரியாகும்."

பையன் குழம்பிப்போய் மகளைப் பார்த்தான். அவள் தலை அசைத்தாள். அவன் முகம் இளகியது.

கிளம்பும்போது கை கொடுக்க வந்தவரை, "வேண்டாம் தம்பி, எனக்கு இவன் போதும்," என்று தடுத்து, மகனின் தோளில் முழுப் பாரத்தையும் சாய்த்துப் படியிறங்கினார் அம்மா. மகள் வண்டிவரை கூடப் போனாள்.

"திடீர்னு எப்படிங்க மனசு மாறினாங்க?" என்றாள் மனைவி.

"தெரியல," என்றார். மகன் ஒவ்வொரு படிக்கும் நின்று, அம்மாவின் பாதம் பதிகிறதா என்று குனிந்து பார்த்தான். கடைசிப் படியையும் அவர்கள் கடந்த பிறகு, அவர் கதவைச் சாத்தினார்.