நான் எழுதிய ஜீவிய சரித்திரம்

என் மாமனார் எந்தச் சாவு வீட்டுக்குப் போய்வந்தாலும் எங்கள் வீட்டில் ஒரே சிரிப்பாக இருக்கும். சொன்னால் தப்பாகத்தான் படும், ஆனால் நடந்தது அதுதான்.

எங்கள் கிறிஸ்தவ சபையில் ஒரு வழக்கம். அடக்க ஆராதனையில் பிரசங்கத்துக்கு முன்னால், வீட்டார் ஒருவர் எழுந்து, இறந்தவருடைய ஜீவிய சரித்திரத்தை வாசிக்க வேண்டும். ஒரு பக்கம், மிஞ்சினால் ஒன்றரைப் பக்கம். தாம்பரத்தில் யாருக்கு அடக்கம் என்றாலும் மாமா போய்விடுவார். திரும்பி வந்து கால் கழுவிக்கொண்டு வராந்தாவில் பிரம்பு நாற்காலியில் உட்கார்ந்தால் ஆரம்பித்துவிடுவார்.

"என்னம்மா எழுதியிருக்கான்! பிறந்தார், படிச்சார், வேலை பார்த்தார், போய்ட்டார். அந்த மனுஷன் பீர்க்கன்கரணை ஏரியில குளிக்கப் போய், வேட்டியைப் பறிகொடுத்துட்டு, வாழை இலையைச் சுத்திக்கிட்டு வீடு வந்து சேர்ந்தானே, அதை ஒரு வார்த்தை சொன்னானா?"

நாங்கள் சிரிப்போம். அவர் எங்களைவிட அதிகமாகச் சிரிப்பார். இருமல் வந்து, தண்ணீர் குடித்து, மறுபடி சிரிப்பார்.

அறுபதுகளின் தொடக்கத்தில் நான் மேற்குத் தாம்பரத்தில் அந்த வீட்டுக்கு மருமகளாக வந்தேன். மாமியார் அதற்கு முன்பே காலமாகிவிட்டார். மாமாவுக்கு அப்போதே எழுபதைத் தாண்டிய வயது. ரயில்வேயில் கார்டாக இருந்து ஓய்வுபெற்றவர். கிறிஸ்மஸுக்குப் பிள்ளைகள், பேரன் பேத்திகள் என்று முப்பது பேர் வந்து இறங்குவார்கள். அத்தனை பேருக்கும் நடுவில், எல்லோரையும்விடச் சின்னப் பிள்ளையாக அவர் இருப்பார்.

அவர் சொல்லும் கதைகளில் தலையாயது, கார்டு இல்லாமல் போன ரயிலின் கதை. தெற்கே ஏதோ ஒரு சின்ன ஸ்டேஷனில் வடை நன்றாக இருக்குமாம். வழக்கம்போல் பச்சைக் கொடியைக் காட்டிவிட்டு, வடைப் பொட்டலத்தை வாங்கத் திரும்பியிருக்கிறார். அன்றைக்கென்று டிரைவர் வேகமாக எடுத்துவிட்டார். வண்டி போய்விட்டது. ஒரு கையில் கொடி, ஒரு கையில் வடையோடு இவர் பிளாட்பாரத்தில் நிற்கிறார். ஸ்டேஷன் மாஸ்டர் தலையில் அடித்துக்கொண்டு டிராலி ஏற்பாடு செய்து இவரை அடுத்த ஸ்டேஷனுக்கு அனுப்பினாராம். "விசாரணைக்கு வந்த அதிகாரிகிட்ட ஒரு வடை குடுத்தேன். சாப்பிட்டுப் பார்த்துட்டு, சரி, நீ இறங்கினது நியாயம்தான்னார்" என்பார். மெமோ வந்தது, அதை மட்டும் சொல்ல மாட்டார்.

எழுபத்திரண்டு வயதில் சைக்கிள் கற்றுக்கொண்டார். ஏறத் தெரிந்தது, ஓட்டத் தெரிந்தது, இறங்க மட்டும் கடைசிவரை வரவில்லை. லெவல் கிராசிங் கேட் மூடியிருந்தால் அதைப் பிடித்துக்கொண்டு இறங்கிவிடுவார். திறந்திருந்தால் ஆபத்து. "பிடிப்பா, பிடிப்பா!" என்று கத்திக்கொண்டே கேட்கீப்பரைத் தாண்டிப் போய், வட்டமடித்து மறுபடி வருவார். கேட்கீப்பர் ஓடிவந்து சீட்டைப் பிடித்து நிறுத்துவார். அந்த ஊரில் அவர்கள் இருவரையும் வேடிக்கை பார்க்காதவர்கள் இல்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, பக்கத்துத் தெரு வாத்தியாரின் அடக்கத்துக்குப் போய்வந்தவர் சிரிக்கவில்லை. என்னைக் கூப்பிட்டார்.

"என்னோடதை நீதான் எழுதணும். நீ தமிழ் டீச்சர். நான் சொல்லச் சொல்ல எழுதிக்கோ. எனக்கு ஒரே ஒரு ஆசைதான். அதை வாசிக்கும்போது கோயில்ல ஜனங்க சிரிக்கணும்."

"உயிரோட இருக்கிறவங்களுக்கு யாராவது இதை எழுதுவாங்களா மாமா?"

"செத்தப்புறம் நான் எப்படிம்மா சொல்றது?"

நான் சிரித்து மழுப்பினேன். அடுத்த வாரமே ஒரு நோட்டும் பென்சிலும் வாங்கிவந்து என் மேஜைமேல் வைத்தார். ஞாயிறு மதியம் சாப்பாடு முடிந்ததும் "டீச்சரம்மா, ஃப்ரீயா?" என்பார். நான் ஃப்ரீயாக இருந்ததே இல்லை. பரீட்சைத் தாள் திருத்த வேண்டும், துணி ஊறுகிறது, தலை வலிக்கிறது. சில நாள் உண்மையாகவே வலித்தது. பல நாள் சும்மா சொன்னேன். இவருக்கு வேறு வேலையில்லை என்று மனதுக்குள் அலுத்துக்கொண்டும் இருக்கிறேன். பத்து வருடத்துக்குமேல் அவர் கேட்டார். ஒருமுறைகூடக் கோபித்துக்கொள்ளவில்லை. கோபித்திருந்தால் ஒருவேளை உட்கார்ந்து எழுதியிருப்பேன்.

எங்களுக்கு வெகுநாள் கழித்து மகள் பிறந்தாள். அவள் தவழ ஆரம்பித்த மாதத்தில், ஒரு காலை மாமா காபி குடித்துவிட்டு, டம்ளரைக் கீழே வைத்தவர் அப்படியே சாய்ந்துவிட்டார். எண்பத்து நான்கு வயது. எல்லோரும் கல்யாணச் சாவு என்றார்கள்.

மறுநாள் பிற்பகல் அடக்கம். காலையில் என் கணவர், மாமியார் இறந்தபோது எழுதிய ஜீவிய சரித்திரத்தைப் பெட்டியிலிருந்து எடுத்துவந்தார். "இதைப் பார்த்து எழுதிடு. என்னால வாசிக்க முடியாது, நீயே வாசிச்சிடு" என்றார்.

முதலில் நான் வடைக் கதையைத்தான் எழுதினேன். நான்கு வரி. அதன் கீழே சைக்கிள். எழுதும்போதே அழுகையும் சிரிப்புமாக வந்தது. பிறகு ஒருமுறை படித்துப் பார்த்தேன். முன் வரிசையில் என் தலைமையாசிரியை உட்கார்ந்திருப்பார். கணவரின் ஆபீஸிலிருந்து பெரிய அதிகாரி வருவார். டெல்லியிலிருந்து வந்திருக்கும் என் கணவரின் அண்ணன் என்ன நினைப்பார்? பெரியவரைக் கேலிசெய்கிறாள் என்பார்களோ? கோடு போட்டு அடித்தேன். யாரும் என்னைக் கட்டாயப்படுத்தவில்லை. இந்தப் பழியை என் கணவர் தலையில் கட்டப் பலமுறை பார்த்திருக்கிறேன், முடியவில்லை.

அடித்த இடத்தில், "அன்னார் இரயில்வே துறையில் முப்பத்தாறு ஆண்டுகள் அப்பழுக்கின்றிப் பணியாற்றினார்" என்று எழுதினேன். ஞானஸ்நானம், திடப்படுத்தல், திருமணம், சபைக் கமிட்டியில் வகித்த பொறுப்பு எல்லாம் வரிசையாக வந்தன. பத்து நிமிடத்தில் முடிந்துவிட்டது. கோயிலில் கணீரென்று வாசித்தேன். ஒருவரும் சிரிக்கவில்லை. தலைமையாசிரியை பிறகு என் கையைப் பிடித்து, "ரொம்ப நேர்த்தியா எழுதியிருக்கே" என்றார். அந்த நேரத்தில் அது எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது.

கல்லறைத் தோட்டத்தில் மண் போட்டு வெளியே வந்தபோது, வாசலில் அந்தக் கேட்கீப்பர் நின்றிருந்தார். கண்ணெல்லாம் சிவந்திருந்தது.

"இன்னா டீச்சரம்மா, பெரியவரு சைக்கிள் வுட்டதப் பத்தி ஒண்ணுமே படிக்கலியே? நானும் கடசீல உக்காந்துகினு, இப்ப வரும் இப்ப வரும்னு பாத்துகினே கீறேன். வேற யாரு சாவுக்கோ வந்துட்டனான்னு பேஜாராப் பூட்ச்சு."

அவர் பக்கத்திலிருந்தவர்களிடம் திரும்பி, தான் சீட்டைப் பிடித்துக்கொண்டு ஓடியதைச் சொல்ல ஆரம்பித்தார். ஒவ்வொருவராக நின்றார்கள். யாரோ சிரித்தார்கள். டெல்லி அண்ணன் சிரித்தார். என் கணவர் கண்ணைத் துடைத்துக்கொண்டே சிரித்தார். கோயிலுக்குள் நடக்க வேண்டும் என்று மாமா ஆசைப்பட்டது நடு ரோட்டில் நடந்தது. என்னால் மட்டும் சிரிக்க முடியவில்லை. என்மேல் எனக்கு அப்படி ஒரு ஆத்திரம்.

அதோடு முடிந்திருந்தால் ஆறியிருக்கும். அடுத்த மாதச் சபைப் பத்திரிகையில் நான் எழுதியதை அப்படியே அச்சிட்டார்கள். கணவர் அதை வெட்டி, மாமாவின் படத்தோடு சேர்த்துக் கண்ணாடி போட்டு ஹாலில் மாட்டினார். படம் ஏதோ ஆபீஸ் தேவைக்கு எடுத்தது. மாமா அதில் விறைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்.

எழுபதுகள் முடியும் சமயம். இரண்டாம் வகுப்புப் படித்துக்கொண்டிருந்த என் மகள் ஒருநாள் ஸ்டூல் போட்டு ஏறி நின்று, அதை எழுத்துக் கூட்டி முழுதும் படித்தாள். தாத்தா தூக்கி வைத்துக்கொண்டது அவளுக்கு எங்கே நினைவிருக்கப் போகிறது? இறங்கி வந்து என்னிடம் கேட்டாள்.

"அம்மா, தாத்தா ரொம்ப ஸ்ட்ரிக்டா? உனக்கு அவர்கிட்ட பயமா இருக்குமா?"

"சீச்சீ, இல்லடி. அவர் சிரிச்சிக்கிட்டே இருப்பார்."

அவள் நிமிர்ந்து படத்தைப் பார்த்தாள். நான் சொன்னதை நம்பவில்லை என்று முகத்திலேயே தெரிந்தது.

"அப்ப இதை எழுதினவங்களுக்குத் தாத்தாவைத் தெரியாதாம்மா?"

தெரியாது என்று சொன்னேன்.