மரியாதை தெரியாத பெட்டி

ஒரு முருங்கைக்காயைப் பார்த்து எனக்கு வந்த கோபம் வேறு எதைப் பார்த்தும் வந்ததில்லை. தொண்ணூறுகளின் நடுவில், கோவை கணபதியில் ஒரு தகர ஷெட்டில், நெசவு மிஷின்களை ஓட்டும் மின்னணுப் பெட்டிகளைச் செய்துகொண்டிருந்தோம். பெட்டிக்குள் ஓடும் புரோகிராம் என் பொறுப்பு. எங்கள் சர்வீஸ் இன்ஜினியர் பையிலிருந்து அந்தக் காயை எடுத்து என் மேசைமேல் வைத்து, "ஒரு சின்ன டெஸ்டுங்க" என்றார்.

அடுத்த வாரம் ஈரோட்டில் ஒரு பாவு மிஷினுக்கு எங்கள் பெட்டி போகவேண்டும். நூற்றுக்கணக்கான இழைகளை உருளையில் சுற்றுகிற மிஷின் அது. இழை அறுந்தால் மிதியை மிதித்து நிறுத்தி, கைவிட்டு முடிச்சுப் போடுவார்கள். மிதித்ததும் நிற்காவிட்டால் விரல் போய்விடும். எண்ணுவது, அச்சிடுவது, நிறுத்துவது என்று எல்லா வேலைகளையும் நேரத்துக்கு நடத்த உள்ளே ஓர் ஆப்பரேட்டிங் சிஸ்டம் வேண்டும். வெளியில் வாங்கலாம், இல்லை, இரண்டு வருடம் உட்கார்ந்து நான் எழுதியதைப் போடலாம். முடிவை என்னிடம் விட்டிருந்தார்கள். என்னுடையதுதான் என்று சொல்லிவிட்டேன். இன்னொருவன் எழுதியதை வாங்குவது எனக்கு அவமானம்.

சர்வீஸ் இன்ஜினியருக்கு அதில் சம்மதமில்லை. ஆனால் நேராக மறுத்துப் பேசத் தெரியாத மனிதர். "உங்களுது நல்லாத்தானுங்க இருக்குது. இருந்தாலும் வெளிய விக்கறதையும் ஒருக்கா பாத்துப்போட்டா தேவலைங்க" என்று பத்து நாளாகச் சுற்றிச் சுற்றி வந்தார். "வேண்டாம்னா வேண்டாம்னு சொல்லித் தொலைங்க" என்று நான் கத்தினால் அதற்கும் "சரிங்க" என்பார்.

ஷெட்டிலிருந்த சோதனை மிஷினை ஓடவிட்டு, முருங்கைக்காயை உருளை இடுக்கில் நீட்டினார். காய் பட்டதும் மிதியை மிதித்தார். நின்றது, நுனி மட்டும் நசுங்கியிருந்தது. "பாத்தீங்களா" என்றேன். அடுத்து, ஷிப்ட் ரிப்போர்ட் அச்சாகும்போது அதையே செய்தார். முக்கால் காய் உள்ளே போய்விட்டது. நான் எழுதியதில் கையிலிருக்கும் வேலை முடியாமல் அடுத்தது தொடங்காது. அதை ஒழுங்கு என்று நினைத்திருந்தேன்.

"உங்க பெட்டி நம்மூரு ஆளாட்டங்க. பேசறவங்க முடிக்கட்டும்னு மரியாதையா நிக்குது. இந்த எடத்துக்கு மரியாதை ஆகாதுங்க."

என் இரண்டு வருட உழைப்பைக் காயை வைத்து எடைபோட நீங்கள் யார் என்று கத்தினேன். அவர் குரலை உயர்த்தவில்லை. "அந்த ஈரோட்டு மிஷின்ல நிக்கறது, என்ற ஊட்டுக்காரிங்க."

வெளியிலிருந்தே வாங்கினோம். அதில் அவசர வேலை வந்தால் மற்றது எதுவானாலும் பாதியில் நிற்கும். பெட்டி மூன்று மாதம் தாமதமாகப் போனது. தப்பு என்னுடையது என்று நான் சொல்லவில்லை, அவரும் எதிர்பார்க்கவில்லை. எப்போதும்போல் தினமும் எனக்கு டீ கொண்டுவந்து வைத்துக்கொண்டுதான் இருந்தார்.

இப்போது என்னிடம் வேலை செய்பவர்கள் ஒரு சிஸ்டத்தைத் தேர்ந்தெடுக்க நாள் முழுக்க ஸ்லைடு காட்டுகிறார்கள். மிதித்தால் எப்போது நிற்கும் என்று மட்டும் கேட்பேன். கிழவனுக்கு முன்கோபம் என்று அவர்களுக்குள் பேச்சு. போன மாதம் அப்படி ஒரு கூட்டத்தின் நடுவே அந்தப் பழைய சர்வீஸ் இன்ஜினியர் போன் செய்தார்.

"தொந்தரவுங்களா? ஊட்டுக்காரி இன்னைக்கோட வேலைக்குப் போறதை நிறுத்திப்போட்டாளுங்க. பத்து விரலும் பத்திரமா இருக்குதுங்க. உங்ககிட்டச் சொல்லோணும்னு தோணுச்சு."

கூட்டத்தைப் பாதியில் விட்டு வெளியே வந்தேன். இத்தனை வருடம் சொல்லாத மன்னிப்பைச் சொன்னேன்.

"அதுக்கென்னங்க" என்றார்.