நான் படித்துச் சொல்லாத நோட்டீஸ்

“எட்டாங் கிளாஸ் படிச்சு இன்னா ஆச்சு? இட்லிதானே சுட்டுக்கினு கீறே?” எங்கள் இட்லிக்கடைக்குப் பக்கத்து ஆப்பக்கடை கன்னியம்மா அக்கா ஒருநாள் எல்லோர் முன்னும் கேட்டாள். எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். அந்தப் பேச்சை நான் மறக்கவில்லை.

இந்த வருஷம் மயிலாப்பூரில் அம்மை பரவியபோது, மார்க்கெட் சுவரில் நோட்டீஸ் ஒட்டினார்கள். தின்பண்டம் விற்பவர்கள் மூக்கையும் வாயையும் துணியால் மூட வேண்டும். தவறினால் கடையை மூடிவிடுவார்கள். எங்கள் கடை வரிசையில் அதைப் படிக்கத் தெரிந்தவள் நான் ஒருத்திதான். நானும் அம்மாவும் துணி கட்டிக்கொண்டோம்.

“இன்னாடி, ஆத்தாளும் மவளும் திருடப் போறீங்களா?” என்று அக்கா சிரித்தாள்.

“சுவத்துல எழுதியிருக்கு. படிச்சுப் பாரு” என்றேன்.

மறுநாள் சுகாதார இன்ஸ்பெக்டர் வந்து, துணி கட்டாததால் அவள் அடுப்பை அணைத்து, கடையை மூடினார். அதைப் பார்த்து மற்றவர்கள் அவசரமாகத் துணி கட்டிக்கொண்டார்கள். அக்கா என்னிடம், “ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே” என்றாள். அதன்பின் வரிசையில் யாரும் என்னோடு பேசவில்லை. அம்மாகூட வேலையைத் தவிர வேறு பேசவில்லை. நாள் முழுவதும் துணிக்குள் என் மூச்சுச் சத்தம்தான் எனக்குக் கேட்டது.

இப்போது எந்த நோட்டீஸ் ஒட்டினாலும், யாரும் கேட்காவிட்டாலும், வரிசை முன் நின்று உரக்கப் படிக்கிறேன். கடையைத் திறக்க அனுமதி கேட்டு அக்கா பெயரில் மனு எழுதினேன். கைநாட்டு வைக்கும்போது அவள் என் முகத்தைப் பார்க்கவில்லை. நேற்று நானே அதை சுகாதார ஆபீசில் கொடுத்துவிட்டு வந்தேன்.