ஒரே பேசினுக்குள் கிடந்த கடதாசிப் பூக்கள்

ஊர்காவற்றுறையில் துறைக்குப் போகும் தெருவில், பரிசுப் பெட்டி சுற்றிக் கடதாசிப் பூ வைத்துக் கொடுக்கும் கடை என்னுடையது. என் பெயர் இரஞ்சிதம். ஐந்தாம் வகுப்போடு படிப்பு முடிந்தது. கலியாணமும் இல்லை, சீதனக் காணியும் இல்லை. இந்தக் கடையின் கூரைத் தகரம் வரைக்கும் என் உழைப்பு. பூ இல்லாமல் ஒரு பெட்டி இங்கிருந்து வெளிக்கிட்டதில்லை. யாழ்ப்பாணத்தில் செய்து விற்கிற ஒட்டுப்பூவை நான் தொடவே மாட்டேன். என் பூவைப் பார்த்தாலே எந்த நாள் செய்தது என்று சொல்லுவேன். அது ஊருக்கே தெரியும்.

கடதாசி மட்டும் கனடாவிலிருந்து தம்பி செல்வரத்தினம் அனுப்புவான்.

அன்று காலை அவன் மகன் கோபிசங்கர் போன் எடுத்தான்.

"மாமி, அப்பா போயிட்டார்."

"எப்ப?"

"முந்தநாள். உங்களுக்கு நெஞ்சு வருத்தமெண்டு சொல்லப் பயந்தனாங்கள்."

"சரியப்பு," என்று போனை வைத்தேன். கையில் பாதி சுருட்டிய பூ இருந்தது. அதை முடித்து, ஒரு கிழமையாய்ச் செய்த பூவெல்லாம் கிடந்த அகலப் பேசினுக்குள் போட்டேன். பிறகுதான் துடக்கு, சாவுத் தீட்டு, நினைவுக்கு வந்தது. கலியாணம் கட்டாத சகோதரி. எனக்கு முழுத் துடக்கு. நான் தொட்டது நல்ல காரியத்துக்குப் போகக்கூடாது.

அப்போது, பரிசுப் பெட்டி சுற்றக் கொடுத்திருந்த கேதீஸ்வரி வந்துவிட்டாள். அனலைதீவில் அவள் புருஷனின் தங்கை மகள் பெரியபிள்ளையானதுக்குச் சாமத்தியவீடு. தாய்மாமன் வீட்டுப் பரிசுகளோடு அவள் வள்ளத்துக்குப் போகவேண்டும். பெட்டிகளைப் போன கிழமையே சுற்றி அலுமாரிக்குள் வைத்திருந்தேன்.

"என்னக்கா, இன்னும் பூ வைக்கேல்லையோ? மச்சாள் என்ர முகத்தைப் பாக்கமாட்டா, பெட்டியைத்தான் பாப்பா!"

விஷயத்தைச் சொன்னேன். அவள் கதிரையில் இருந்துவிட்டாள்.

"கடவுளே! அண்ணை அனுப்பின கடதாசியோ இது?"

"ஓம்."

எழும்பிப் பேசினுக்குள் பார்த்தாள். பிறகு மெல்லச் சொன்னாள்: "அக்கா, முந்தநாளுக்கு முதல் செய்ததில துடக்கில்லைத்தானே. அதுகளைக் காட்டுங்கோ, நானே ஒட்டுறன். உங்களுக்குத்தான் பாத்தாத் தெரியுமே."

"நான் தொடமாட்டன். நீர் எடுத்துக் காட்டும்."

ஒரு சிவப்புப் பூவை உயர்த்தினாள். பார்த்தேன்.

"மற்றதை எடும்."

எடுத்தாள். மஞ்சள், ஊதா, பிறகும் சிவப்பு. இதழ் எல்லாம் ஒரே சுருள், காம்பு எல்லாம் ஒரே முறுக்கு. அவன் இருந்தபோது செய்தது எது, போனபிறகு செய்தது எது? செய்தி கேட்டபின் முடித்த அந்த ஒன்றையும் பிடிக்க முடியவில்லை. என் கை எங்கேயும் நடுங்கியிருக்கவில்லை.

"ஏலாது," என்றேன். "வெறும் பெட்டியைக் கொண்டுபோம். மச்சாள் கேட்டா, இரஞ்சிதத்தின்ர தம்பி செத்துப்போனான் எண்டு சொல்லும்."

துறையில் வள்ளக்காரர் கூப்பிட்டார்கள். அவள் பெட்டிகளை அடுக்கிக்கொண்டு போனாள். வெயிலில் வெள்ளித்தாள் மட்டும் மினுங்கியது.

நான் கடைக் கதவைச் சாத்திவிட்டுப் பேசினுக்கு முன்னால் இருந்தேன். எல்லாப் பூவும் நன்றாகத்தான் வந்திருந்தன.