அண்ணனை விட்டுப் போன வேன்

ரீகேல் என்றொரு ஆங்கில வினைச்சொல் உண்டு என்று, பெரம்பலூர் போகும் பஸ்ஸில் என் மனைவி சொன்னாள். அவள் ஆங்கில ஆசிரியை. கதை சொல்லி ஆட்களை மகிழ்விப்பது என்று பொருள். நடந்து முடிந்திருந்தால் ரீகேல்டு. கேட்டவர்கள் ரசிக்காவிட்டால் அந்தச் சொல்லைப் பயன்படுத்தக் கூடாதாம்.

ஆஸ்பத்திரியில் என் அண்ணன் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தார். ஆபரேஷன் முடிந்தும் சாப்பிட மறுத்தார். சாப்பிட்டால்தான் தேறுவார் என்றார் டாக்டர். இட்லியைப் பக்கத்தில் வைத்துவிட்டு, அண்ணன் காதிலும் விழட்டும் என்று, பக்கத்துக் கட்டில்காரரிடம் தங்கை மகளின் காதுகுத்தைப் பற்றிச் சொல்லத் தொடங்கினேன். சிறுவாச்சூர் கோயிலுக்கு இரண்டு வேன்களில் கிளம்பினோம். மூத்த தாய்மாமனான அண்ணன் மடியில்தான் பிள்ளையை உட்கார வைக்க வேண்டும். அவர் அடுத்த வேனில் இருப்பார் என்று இரண்டு வேனிலும் நினைத்து, டீக்கடையிலேயே அவரை விட்டுப் போய்விட்டோம்.

"அப்புறம் பஸ்ஸில வந்தாரு" என்றேன்.

அண்ணன் திரும்பினார். "எந்த பஸ்ஸுடா நின்னுச்சு? மானம் போவுதேன்னு அன்னைக்கு அப்புடிச் சொன்னேன். குட்டியானை வண்டியில கெடாவுங்களோட நின்னுக்கிட்டு வந்தேன். அதுங்களும் அந்தக் கோயிலுக்குத்தான்!"

"கெடாவுக்குப் போடுற மாதிரி உங்களுக்கும் மாலை போட்டாங்களாங்க?" என்றார் பக்கத்துக் கட்டில்காரர்.

"காதுகுத்துக்கு எனக்கு வாங்கிக் கையில வச்சிருந்த மாலைய ஒரு கெடா தின்னுருச்சுங்க."

அறையே சிரித்தது. "ரீகேல் பண்றது அவரு. நீங்க ரிப்போர்ட்டு வாசிச்சீங்க" என்றாள் மனைவி.

சிரித்தால் தையல் வலிக்கிறது என்ற அண்ணன், பேச்சோடு பேச்சாக இட்லியைப் பிட்டுச் சட்னி கேட்டார்.